கிளட்ச் டீச்சர் வீட்டு போல்ட்டு

பல்செட்காரர் தன் வாழ்நாளில் எதையும் பிடுங்கியதில்லை. பிடுங்குவது டாக்டர் வேலை, பிடுங்கிய இடத்தில் புதிதாக வைப்பது தன் வேலை என்று தெளிவாக இருந்த மனிதர். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள அறையில் முப்பத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பைச் செய்து அனுப்பியவர். கடைத்தெருவில் யாராவது இவரைப் பார்த்துச் சிரித்தால் ஆளை அடையாளம் தெரியாது, பல்லைத் தெரியும். 'மேல் செட்டு, நாலு வருஷம் ஆச்சு, இன்னும் நல்லா உக்காந்திருக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடப்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில், துருப்பிடித்த போல்ட்டு ஒன்றைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் ஆரம்பம்.

கார் அவருடையது இல்லை. அவர் மனைவியுடையது. மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊருக்கே கிளட்ச் டீச்சர். 'முப்பது நாளில் ஸ்டியரிங் உங்கள் கையில்' என்று போர்டு மாட்டி, முப்பது வருஷம் இடது பக்க ஸீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊராரின் உயிரைக் காப்பாற்றியவர். இன்றைக்கும் அவர் நாற்சந்தியில் நின்று "கிளட்ச்" என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேருடைய இடது கால் தானாக இறங்கும். முப்பது நாள் என்றால் முப்பதே நாள். முப்பத்தோராவது நாள் யாரும் அவரிடம் படித்ததில்லை.

ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த அந்த அம்மாளிடம் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் கட்டிய கணவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் முயற்சி செய்தார். முன்னால் போக வேண்டிய வண்டி பின்னால் போய் ஒரு சைக்கிள் கடையின் மதில் சுவரில் உட்கார்ந்தது. அன்றைக்கு இறங்கியவர்தான். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில். "எனக்கு எதுக்கு? அதான் நீ இருக்கியே." கேட்பதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் அது பயத்துக்குப் போட்ட சட்டை என்பது டீச்சருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

வேலைக்கு ஸ்கூல் வண்டி. சொந்தத்துக்கு டீச்சர் வைத்திருந்தது வேறு. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு ஸீட்டு. தரையோடு தரையாக இருக்கும். ஏறுவதென்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். வயது முப்பதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் அதை ஓட்ட, பல்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே போவார். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுக்கு இரண்டு ஸீட்டு போதுமானதாக இருந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு செய்தி வந்தது. முதல் செய்தி கண் டாக்டரிடமிருந்து. டீச்சரின் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது, அதிலும் இடது பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. "போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டு இருக்கிறதைக் காப்பாத்தலாம். நாப்பது நாள் கழிச்சு மறுபடி பாப்போம். அப்பவும் குறைஞ்சிருந்தா லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடணும் டீச்சர்" என்றார் டாக்டர். அவரும் டீச்சரின் மாணவர்தான். சொல்லும்போது அவருடைய இடது கால் மேஜைக்கு அடியில் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது செய்தி காரைச் சோதித்த பட்டறையிலிருந்து. முன் பக்க இடது சக்கரத்தை உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை, பட்டறையில் லோயர் ஆர்ம் என்பார்கள், துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒரு குழியில் இறங்கினால் சக்கரம் தனியாகப் போய்விடும்.

டீச்சர் அழவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "நாப்பது நாள் இருக்குல்ல. அதுக்குள்ள வண்டியை ரெடி பண்ணணும். மலை ரோட்டுல ஒரு தடவை போய்ட்டு வரணும்" என்றார்.

"நானே மாத்தித் தரேன்" என்று சொன்னது பல்செட்காரர்தான். யாரும் கெஞ்சவில்லை. பட்டறைப் பையன்கள் முரட்டுத்தனமாகத் தட்டுவார்கள், இவ்வளவு வயசான வண்டியைப் பதமாகக் கையாள வேண்டும் என்றார். மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கையில் கிடைத்தது இந்தக் கார்தான்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நாள் தரேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

மூன்றாம் நாள், ஏதோ காகித வேலை என்று டீச்சர் அவரைப் போக்குவரத்து ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீட்டிய இடத்திலெல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார். அது அவர் வழக்கம். ஒரு அதிகாரி இவரையும் உட்காரவைத்து, சுவரில் இருந்த படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். வளைவு, பள்ளிக்கூடம், நிற்காதே, ஹாரன் அடிக்காதே. முப்பது வருஷம் இடது ஸீட்டில் உட்கார்ந்து பார்த்தவை, கடகடவென்று சொன்னார். துணைக்கு வந்தவனுக்கும் கண் பரிசோதனை செய்கிறார்களே, நல்ல ஆபீஸ் என்று பாராட்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

இனி அவர் வேலை செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அந்த வீடு குறுகலானது. தெருவைப் பார்த்த ஷட்டர், ஷட்டருக்குள் கார் ஷெட், ஷெட்டின் பின் சுவரில் வீட்டுக் கதவு. வேறு வழி கிடையாது. இவர் தொழிலில் வாய் எப்போதும் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஆகவே, உருட்டும் ஜாக்கியை வைத்து, அரை நாள் போராடி, காரின் இடது முன் சக்கரம் ஷட்டர் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வண்டியைக் குறுக்காகத் திருப்பினார். நாலு பக்கமும் மரக்கட்டையும் இரும்பு ஸ்டாண்டும் கொடுத்து நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றினார். பழைய ஆர்முக்கு முதலில் பிளாஸ்டரில் அச்சு எடுத்தார். எதற்கு என்று கேட்ட டீச்சரிடம், "அளவெடுக்காம எப்படி" என்றார். அச்சைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காரின் மூக்கு ஒரு சுவரிலும் வால் மறு சுவரிலும் முட்டிக்கொண்டிருந்தன. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே கார், கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் மாதிரி, குறுக்கே கிடந்தது.

மீண்டும் திருப்பலாம் என்றால் ஒரு பக்கம் சக்கரம் இல்லை, ஆர்ம் தொங்குகிறது. முதலில் ஆர்மைக் கழற்றி, வாங்கி வைத்திருந்த புதியதை மாட்ட வேண்டும். ஆர்மைக் கழற்ற வேண்டுமென்றால் அதைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டு வெளியே வர வேண்டும். போல்ட்டும் அது நுழைந்திருக்கும் இரும்புக் குழாயும் முப்பது வருஷத் துருவில் ஒன்றுக்குள் ஒன்றாகிப் போயிருந்தன. பல்செட்காரர் ஸ்பானரை வைத்து இரண்டு தடவை பதமாகத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஆடட்டும். தானா ஆடினா தானா வந்துடும்" என்றார். பால் பல்லுக்குச் சொல்கிற வைத்தியம் அது.

அன்று முதல் அந்த வீட்டுக்குள் போக ஒரே வழி காருக்குள் புகுந்து போவது. தெருப் பக்கம் இருந்தது இடது கதவு. அதைத் திறந்து உட்கார்ந்து, கியரைத் தாண்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் முழங்காலை மடக்கி, வலது கதவு வழியாக வீட்டுப் பக்கம் இறங்க வேண்டும். பல்செட்காரர் ஒரு அட்டையில் எழுதி மாட்டினார்: 'உள்ளே வருபவர் இடது கதவு. கியரில் கால் வைக்காதீர். எண்பது கிலோவுக்கு மேற்பட்டோர் குரல் கொடுத்துவிட்டு ஏறவும்.' வந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் ஏறினார்கள், நல்ல ஊர்.

கேஸ் சிலிண்டர் அந்த வழியாகத்தான் வந்தது. இடது ஸீட்டில் உட்காரவைத்து, உருண்டுவிடக் கூடாது என்று பெல்ட்டும் போட்டு, மறு பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். நலம் விசாரிக்க வந்த ஒரு தம்பதி, ஏறிய இடத்திலேயே சௌகரியமாக இருக்கிறது என்று காருக்குள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்கள். டீச்சரின் தம்பி, பல்செட்காரருக்கு மச்சான், தொண்ணூற்றாறு கிலோ. குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். கியருக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் ஹாரனை அடித்தபடியே இருந்தார். அடிக்க வேண்டுமென்று அடிக்கவில்லை. வயிறு அந்த இடத்தில் இருந்தது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினார்கள். காலை ஏழு, மாலை ஏழு: இடது கண்ணுக்கு ஒரு சொட்டு, வலது கண்ணுக்கு ஒரு சொட்டு, போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் மூன்று சொட்டு. குப்பி மாறிவிடக் கூடாது என்று போல்ட்டு மருந்தைச் செருப்பு வைக்கும் இடத்தில் வைத்தார்கள். தெருவே போல்ட்டைப் பற்றி விசாரித்தது. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். டீச்சரின் கண்ணையா போல்ட்டையா என்று தெரியாமல், "அப்படியேதான் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார் பல்செட்காரர்.

எட்டாம் நாள் சாயங்காலம் டீச்சர் டீ ஊற்றினார். கோப்பைக்கு இடது பக்கம், மேஜைமேல் ஊற்றினார். நேரே சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, முழு டம்ளரையும், நிதானமாக. கால்மேல் சூடாக வடிந்தபோதுதான் குனிந்து பார்த்தார். துணி எடுத்துத் துடைத்தார். இந்தக் கண்ணோடு இவள் மலை ரோட்டில் ஓட்டப் போகிறாளே, அந்த ரோட்டில் பள்ளம் முழுக்க இடது பக்கம் அல்லவா இருக்கிறது என்று அன்று இரவு முழுக்கப் பல்செட்காரருக்கு அதே நினைப்பு.

மறுநாள் காலை, டீச்சர் எழுந்திருக்கும் முன், வழக்கம்போல எண்ணெய் விடக் காருக்கு அடியில் படுத்தார். ஸ்பானரைச் சும்மா வைத்தார். க்ளக் என்று ஒரு சத்தம். போல்ட்டு முழுசாக, ஆடி விழும் பால் பல் மாதிரி, அவர் கையில் வந்து நின்றது.

ஒரு மனிதன் ஒன்பது நாள் எதற்காகப் படுத்தெழுந்தானோ அது கைக்கு வந்தபின், அதைப் பார்த்து இப்படிப் பயந்து யாரும் பார்த்திருக்க முடியாது. இன்றைக்கே ஆர்மை மாட்டிவிடலாம். நாளைக்கு மலை ரோடு. நாளை மறுநாள்? அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. அப்போது அவர் கை, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. விழுந்ததைத் திரும்பப் பொருத்தி ஒட்டுவதுதானே முப்பத்திரண்டு வருஷத் தொழில். பையிலிருந்த, பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் ரோஜா நிறப் பொடியை எடுத்தார். திரவத்தில் குழைத்தார். போல்ட்டின் உடம்பு முழுக்கப் பூசி, வந்த வழியே உள்ளே தள்ளினார். பத்து நிமிஷத்தில் கெட்டிப்பட்டது. வெளியே பிதுங்கியதை அரம் வைத்து ராவி, மேலே துருப் பொடியைத் தூவி விட்டார். பல்செட்டில் காட்டும் நேர்த்தியை அங்கேயும் காட்டினார். யார் பார்த்தாலும் இயற்கையான துரு என்றுதான் சொல்வார்கள்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டபடி டீச்சர் எழுந்து வந்தார்.

"அப்படியேதான் இருக்கு."

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பத்து நாள் கெடு முடிந்ததும் டீச்சர் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் ஐந்து கிலோ சம்மட்டி கொண்டுவந்து, தெருப் பக்கம் படுத்துக்கொண்டு அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்குள் பாத்திரம் குதித்தது. போல்ட்டு லேசாக ஆடியது. "ஆடுது அக்கா, நாளைக்கு வந்துடும்" என்று அவர் போனபின், விடியற்காலையில் பல்செட்காரர் படுத்து, விரிசலில் புதுப் பசை ஊற்றினார். மறுநாள் மச்சான் வந்து, "நேத்தைவிட இன்னைக்கு இறுகியிருக்கே" என்று மண்டையைச் சொறிந்தார். எதிர் வீட்டு ஓய்வு பெற்ற பொறியாளர், வானிலை காரணம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். பல்செட்காரர் எல்லாருக்கும் டார்ச் பிடித்தார், தண்ணீர் கொடுத்தார், தானும் சேர்ந்து பெருமூச்சு விட்டார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயாவது ஆட்டைத் தின்னும் ஆசையில் அழுதது. இவர் உண்மையாகவே அழுதார். ஏமாற்றுகிறோம் என்று அவருக்குத் தெரியும். தூக்கம் போனது. ஆனால் அந்த மேஜைமேல் வடிந்த டீ கண்முன் வரும். மறுபடி பொடியைக் குழைப்பார்.

ஒன்று மட்டும் அவரை வாட்டியது. வீட்டுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் டீச்சர் மற்றவர்களைப் போலக் கடந்துவிட மாட்டார். டிரைவர் ஸீட்டில் ஒரு நிமிஷம் உட்காருவார். ஸ்டியரிங்கைப் பிடிப்பார். குனிந்து கீழே ஏதோ செய்வார். பெடலைத் தடவிப் பார்க்கிறாள் போல, பாவம், என்று நினைத்து இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் போனபின் பார்த்தால் ஸீட்டு ஒரு பல் பின்னால் தள்ளியிருக்கும். டீச்சர் குள்ளம், ஸீட்டு முன்னால் இருந்தால்தான் கால் எட்டும். "வர்றவன் போறவன் எல்லாம் உதைச்சுத் தள்ளிடறாங்க" என்று முனகிக்கொண்டு இவர் முன்னால் இழுத்து வைப்பார். மறுநாள் மறுபடி பின்னால் போயிருக்கும்.

முப்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் பொறுமை தீர்ந்து வெல்டரை வரவழைத்தார். அவனும் பழைய மாணவன். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை பாஸானவன். டீச்சர் என்றால் உயிர். கேஸ் டார்ச்சோடு வந்து இறங்கினான். "சூடு காட்டினா எந்த போல்ட்டும் கேக்கும் டீச்சர். கேக்கலைன்னா வெட்டிடலாம்" என்றான்.

"தம்பி, இவ்வளவு பழைய வண்டி, நெருப்பெல்லாம் வேணாமே" என்றார் பல்செட்காரர்.

"நீங்க சும்மா இருங்க மாமா. ஒரு மாசமா எண்ணெய் ஊத்தி போல்ட்டுக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டினது போதும்" என்றார் மச்சான்.

டார்ச் பற்றியது. நீலச் சுடர் போல்ட்டின் தலையில் பட்டது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக ஒரு வாசனை கிளம்பியது. துரு காய்ந்தால் வரும் வாசனை இல்லை, எண்ணெய் எரிந்தால் வருவதும் இல்லை. கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் மூக்கைக் குத்துவதாக. போல்ட்டின் ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் ஏதோ இளகிப் பிதுங்கியது. "என்ன டீச்சர் இது, வண்டிக்கு ஈறு இருக்கு" என்றான் வெல்டர். மச்சான் குனிந்து பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை.

டீச்சர் குனியவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முப்பது வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் கணவர் கழற்றிப் போடும் சட்டையில் வருகிற வாசனை அது. துவைத்தாலும் போகாது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"தம்பி, டார்ச்சை அணை. ஆறினதும் கையால இழு. வந்துடும்" என்றார்.

வந்துவிட்டது. பல்செட்காரர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் எடுத்த பிளாஸ்டர் அச்சு தொங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இலையோடு மாட்டிக்கொண்டால் எப்படி நிற்பானோ அப்படி நின்றார்.

டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க உள்ள போய் எல்லாருக்கும் டீ போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கார் வழியாகப் புகுந்து உள்ளே போனார். டீ போட்டார். கொண்டு போக முகம் இல்லை. ஆறிப்போனது, கொட்டிவிட்டு மறுபடி போட்டார். ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம், ஸ்பானர் சத்தம், மச்சான் மூச்சு வாங்கும் சத்தம், கடைசியாகச் சக்கரம் தரையில் இறங்கும் சத்தம் எல்லாம் கேட்டது. இனி அவள் ஓட்டப் போகிறாள், என்னால் நிறுத்த முடியாது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே அழுதார். மூன்றாவது தடவை போட்ட டீயைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வாசலில் தலையைக் குனிந்து, ஒரு காலைத் தூக்கி, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உடம்பை நுழைத்தார். நுழைய அங்கே ஒன்றும் இல்லை. ஷெட்டு காலியாக இருந்தது. நாலு மரக்கட்டையும் ஒரு எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். இல்லாத காருக்குள் பாதி ஏறிய நிலையில் அவர் டீத் தட்டோடு நின்றதைத் தெருவில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

கார் தெருவில், நாலு சக்கரத்தில், மூக்கைச் சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. மச்சான் ஓட்டை விழுந்த பழைய ஆர்மைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். டீச்சர் காருக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்க ஸீட்டில்.

"டீயைத் தம்பிகிட்ட குடுத்துட்டு ஏறுங்க."

"எங்க ஏற?"

"இருக்கிறது ரெண்டு ஸீட்டு. ஒண்ணுல நான் இருக்கேன்."

பல்செட்காரர் டீத் தட்டை வெல்டரிடம் கொடுத்தார். "எனக்கு லைசென்ஸ் இல்லையே."

டீச்சர் தன் எதிரே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார். பழகுநர் உரிமம். அவருடைய போட்டோ, அவருடைய கையெழுத்து. "அன்னைக்கு ஆபீஸ்ல படத்தைப் பாத்து வரிசையா சொன்னீங்களே. முழு மார்க்."

அவர் ஏறி உட்கார்ந்தார். நீளமான கால், அந்த ஸீட்டில் எப்போதும் இடிக்கும் என்று நினைத்தவர். இடிக்கவில்லை. பெடல் மூன்றும் கால் வைத்த இடத்தில் இருந்தன. ஸீட்டைத் தினமும் பின்னால் தள்ளியது யாரென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நீ ஓட்டிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"நானா? பக்கத்துல வர்ற பஸ்ஸே தெரியல, மலையில ஓட்டுவேனா? அடுத்தவங்க உசுரைக் காலடியில வெச்சுக்கிட்டு முப்பது வருஷம் உக்காந்தவ நான்."

"அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, ஓட்டப் பயந்து முதல் நாளே ஒட்டியிருப்பீங்க." டீச்சர் முன் கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டு பேசினார். "பத்து நாள் ரிப்பேருக்கு. முப்பது நாள் பாடத்துக்கு. அளந்து வெச்சிருந்தேன். எனக்கு ரோடு தெரியும்போதே உங்களுக்குச் சொல்லிக் குடுத்துடணும்னு. மலை ரோட்டுல நீங்க ஓட்ட, நான் இங்க உக்காந்து வெள்ளரிக்காய் நறுக்கணும்னு. அதுல இருபத்தோரு நாளை ஈறு கலர்ல ஒட்டி வெச்சுட்டீங்க."

அவள் கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சத்தைத்தான் தினமும் விடியற்காலையில் பொடியில் குழைத்துப் பூசினோம் என்று பல்செட்காரருக்குப் புரிந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"அழறதுக்கு நாள் ஒதுக்கல. பத்து நாள்தான் இருக்கு. கிளட்ச்."

அழுத்தினார். கியர் போட்டார். கார் ஒரு குதி குதித்து அணைந்தது. டீச்சரின் வலது கால் தரையில் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது, ஸ்கூல் வண்டி இல்லையே. இரண்டாவது தடவை குதித்தது, அணைந்தது. டீச்சரின் கால் மறுபடி மிதித்தது. மச்சான் முன்னெச்சரிக்கையாக வாசலில் நின்ற சைக்கிளை எடுத்து வீட்டுக்குள் வைத்தார். தெருவில் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் திண்ணையில் ஏறி நின்றுகொண்டார்கள். மூன்றாவது தடவை கார் அணையவில்லை. இழுத்து இழுத்து, நொண்டிய மாதிரி, நகர்ந்தது. புது ஆர்ம் சத்தமில்லாமல் குழியை வாங்கிக்கொண்டது.

"நேரா பாருங்க. நல்லா போறீங்க. ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. பல்செட்டுன்னு நினைச்சுப் பிடிங்க. போங்க, போங்க."

கார் மெல்ல இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. டீச்சர் "போங்க" என்றபடியே இருந்தார். பல்செட்காரர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

"எதுக்கு நிறுத்துனீங்க? நான் சொல்லலையே."

"இடது பக்கம் போஸ்ட் இருக்கு."

டீச்சர் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பினார். கதவுக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி விளக்குக் கம்பம் நின்றது. அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. முப்பது வருஷத்தில் அவருக்கு முன்னால் பிரேக்கை மிதித்த முதல் மாணவர் இவர்தான்.

டீச்சர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, "சரி. கிளட்ச்" என்றார்.

"அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன். நீ சொல்லு" என்று சொல்லிக்கொண்டே பல்செட்காரர் அழுத்தினார்.